இறங்கிய கை

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் வால்டர் வலது கையைத் தூக்கவே இல்லை. முடியாமல் இல்லை, மாட்டேன் என்றார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று. விளங்கிய பிறகு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னார். மூளையில் அடைப்பு சின்னது. கைக்கும் காலுக்கும் பாதி பலம் திரும்பிவிட்டது. மீதி, பழக்கினால் வரும். பழக்காமல் மடியில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தோள் இறுகிவிடும், ஆறு மாதம் தாண்டினால் அதைத் திறப்பது பெரும்பாடு. பிசியோதெரபி செய்ய வந்தவர் கையைப் பிடித்து ஒரு சாண் உயர்த்தியதும் வால்டர் போட்ட சத்தத்தில், கீழ்வீட்டு ரஹீமுன்னிசா அக்கா கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்துவிட்டார். ஒரு வாரத்தில் அந்த மனிதரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

"வலிக்குதுடி ரோசி. தோள்ல கம்பிய காய்ச்சி வுடுறா மாரி கீது" என்றார் வால்டர். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும்.

"வலிச்சா இன்னாய்யா? வலிக்காம கை வந்துடுமா?"

"வலி மட்டும் இல்ல. தூக்கினா மறுபடி அடிச்சிடும்."

"இன்னா அடிச்சிடும்?"

"அன்னிக்கி அடிச்சுதே, அது."

அவர் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வால்டர் மணலி பக்கம் ஒரு தனியார் இரும்பு யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். கீழே நடப்பது பாதி தெரியாது, கத்தினாலும் கேட்காது. கீழே நிற்கும் சிக்னல்மேனின் கையைப் பார்த்துத்தான் அவர் பாரத்தை நகர்த்துவார். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி விறைப்பாகப் பிடித்தால் நிறுத்து. கை கீழே போனால் 'ஆரியா', அதாவது இறக்கு. தொங்குகிற பாரத்துக்குக் கீழே ஆள் போகக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியிருப்பார்கள். வேலை அவசரத்தில் எல்லோரும் போவார்கள். சிக்னல்மேனின் கையை நம்பிப் போவார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்கு இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கியது. அதை இறக்கி வைப்பதற்காகக் கீழே வெற்றி என்பவன் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வால்டரோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வால்டர் கையை நீட்டி, நிறுத்து என்று பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நினைவில் இருப்பது அவ்வளவுதான். நீட்டிய கை, வெயில், பிறகு தலைக்குள் ஒரு இடி. கையை நீட்டினதால்தான் இடி விழுந்தது என்று அவர் மனது முடிச்சுப் போட்டுக்கொண்டது.

மீதி எனக்குத் தெரியும். கிரேன் ஓட்டிய அப்துல் வஹாப் அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். "அண்ணன் கை எறங்குச்சு அண்ணி. ஆரியான்னு நென்ச்சேன். எறக்கிட்டேன். அப்பாலதான் அண்ணனே கீழ வுழுறத பாத்தேன்." வெற்றியைத் தார்ப்பாயில் சுற்றித்தான் எடுத்துப் போனார்களாம்.

மறுநாள் யார்டு சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு வந்தார். வெற்றி போனை எடுத்துக்கொண்டே பாரத்துக்குக் கீழே போய்விட்டான், அதைப் பார்த்த அதிர்ச்சியில் வால்டருக்கு வாதம் வந்துவிட்டது என்று எழுதியாகிவிட்டதாம். கை இறங்கிய விஷயத்தை வெளியே பேசினால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்காரரைத்தான் கேட்கும் என்றார். வாய் கோணி, மூக்கில் குழாயோடு கிடக்கிற மனுஷனைக் கேட்பார்களாம். நான் சரி என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வெட்கம்தான் மிச்சம்.

வால்டர் பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது வெற்றியைத்தான். மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்றேன். யார்டு ஆட்கள் பார்க்க வந்தால் வாசலிலேயே மடக்கி, மஸ்கட் என்று சொல்லிக்கொடுத்துத்தான் உள்ளே விடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் யாராவது ஒருவர் உளறியிருப்பார்கள்.

"சொல்லிக்காம பூட்டான் பாரு. ஒரு போனு கூட இல்ல. இன்னா தோஸ்துடி அவன்?" என்பார் வால்டர். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மூன்றாம் மாதம் டாக்டரே எங்களைத் திருவொற்றியூரில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். அங்கே ரேகா என்று ஒரு பெண், மனநல ஆலோசகர். முப்பது வயதுகூட இருக்காது. கைக்கு வைத்தியம் கேட்டு வந்தால் மனசுக்குப் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். அந்தப் பெண் இரண்டு வாரம் அவர் கையைத் தொடக்கூட இல்லை. பேசிக்கொண்டே இருந்தாள். நான் வேலை பார்க்கிற இறால் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு அவரை இழுத்து வந்தது இந்த அரட்டைக்குத்தானா என்று நினைத்தேன்.

"சார், வலி பொய்னு நான் சொல்லவே இல்ல" என்றாள் ரேகா. "வலி நிஜம். ஆனா வலிச்சாலே உள்ள ஏதோ ஒடையுதுன்னு அர்த்தம் இல்ல. காரு மேல பூனை குதிச்சாக்கூட அலாரம் அடிக்கும் இல்லையா? உங்க மூளை இப்ப அந்த மாதிரி எதுக்கெடுத்தாலும் அலாரம் அடிக்குது."

"பூனைன்னு எப்டிம்மா தெரியும்? திருடனா இருந்துட்டா?" என்றார் வால்டர்.

"கொஞ்சம் கொஞ்சமா கிட்ட போய் பாத்துடலாம் சார். நானும் கூட வரேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பயப்படுகிற அசைவுகளையெல்லாம் பட்டியல் போடச் சொன்னாள். குறைந்த பயம் கீழே, அதிக பயம் மேலே. அடியில், கையை உற்றுப் பார்ப்பது. அதற்கு மேல் உள்ளங்கையைத் திருப்புவது, மேஜையில் வைப்பது, டம்ளரைப் பிடிப்பது, சட்டை மாட்டுவது. உச்சியில், கையைப் பக்கவாட்டில் நீட்டுவது. பத்துக்கு எவ்வளவு பயம் என்று கேட்டதற்கு வால்டர் பதினைந்து என்றார்.

ஒரு நோட்டு வாங்கினோம். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால், என்ன ஆகும் என்று அவர் நினைக்கிறாரோ அதை எழுத வேண்டும். செய்த பிறகு, உண்மையில் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'உள்ளங்கையைத் திருப்பினால் தலையில் இடி விழும்.' பக்கத்தில்: 'விழவில்லை. வலி ஆறு.' 'டம்ளரைத் தூக்கினால் நாக்கு இழுத்துக்கொள்ளும்.' பக்கத்தில்: 'இழுக்கவில்லை. வலி ஐந்து. டீ சிந்தியது.' அந்த டீ முழுக்க என் புடவையில்தான் சிந்தியது. சூட்டோடு நின்று அழுதேன். டம்ளர் அவர் வாய் வரைக்கும் போயிருந்தது. ரேகாவைத் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, மத்த அசைவெல்லாம் சார் ஏத்துக்கறார். அந்தக் கை நீட்டறது மட்டும் வேற மாதிரி இருக்கு. அதைப் பத்திப் பேசினாலே வேர்க்குது. அன்னிக்கு யார்டுல வேற ஏதாவது நடந்துச்சா? யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்லையே" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி போவேன்."

"அதான் இல்லைன்றேனே."

நான்கு மாதம் பொய் சொல்லிப் பழகிய வாய். முகம்கூட மாறியிருக்காது. வால்டர் டம்ளர் பிடிக்கிறார், சட்டை பட்டன் போடுகிறார், இந்த நேரத்தில் போய் வெற்றியின் சாவை இழுத்து நடுவில் போட எனக்கு மனமில்லை. கை சரியாகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரேகா என்னை நம்பினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

அடுத்த சனிக்கிழமை பட்டியலின் உச்சிக்கு வந்தோம். வால்டரே ஒரு யோசனை சொன்னார்.

"சும்மா செவுத்த பாத்து கைய நீட்டினா அது வேலைக்கு ஆவாது மேடம். எதுர்ல ஆள் நிக்கணும். வஹாபு வந்து நின்னா செய்வேன். என் கைய படிக்கிறவன் அவன்தான்."

ரேகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பயந்த இடத்திலேயே, பயந்த மாதிரியே செய்து பார்ப்பதைவிட நல்லது இல்லை என்றாள். வஹாப் ஊரில் இல்லை என்று ஒரு வாரம் தள்ளினேன். மறு வாரம் அவனுக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாவது வாரம் வால்டர் இடது கையால் போனை எடுத்துத் தானே நம்பரைத் தேட ஆரம்பித்ததும் நானே கூப்பிட்டேன்.

வஹாப் அந்த நாளுக்குப் பிறகு கிரேனில் ஏறவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

"வாணாம் அண்ணி. என்னால ஆவாது. அந்தக் கைய என்னால பாக்க முடியாது."

"உன்னால ஆவாதுன்னா யாராலடா ஆவும்? அவரு கை வரணும். வந்து நில்லு, அது போதும். வாயத் தொறந்த, உன்ன சும்மா வுடமாட்டேன்."

அவன் அழுதான். நான் போனை வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒருவருக்குப் பயம் தெளிய வேண்டும் என்று இன்னொருவனை அவன் பயத்துக்குள் பிடித்துத் தள்ளினேன்.

மையத்தின் பின்புறம் சிமெண்டு முற்றம். மாடியில் இரும்புக் கம்பி வைத்த பால்கனி. கிரேன் கூண்டு போல இருக்கட்டும் என்று ரேகா வஹாபை மாடியில் நிறுத்தினாள். தாடி வளர்ந்து, சட்டை தொளதொளவென்று தொங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய் வஹாபு! இன்னாடா இப்டி எளைச்சிட்ட?" என்று வால்டர் கீழேயிருந்து கத்தினார். வஹாப் என்னைத்தான் பார்த்தான்.

முதலில் 'தூக்கு'. வால்டர் முழங்கையை மடக்கி விரலை மேலே காட்டி மெல்லச் சுழற்றினார். நடுங்கியது, ஆனாலும் வந்தது. பிறகு ரேகா கேட்டாள்.

"இப்ப நிறுத்து. கையை நீட்டினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க சார்?"

"இடி வுழும்."

"எவ்வளவு நம்பறீங்க?"

"பாதி."

பத்துக்குப் பதினைந்து என்றவர் பாதிக்கு வந்திருந்தார். வால்டர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கினார். தோள் வரை வந்தது. உதட்டைக் கடித்தார். "வலி?" என்றாள் ரேகா. "ஏழு." "இடி?" வால்டர் கண்ணைத் திறந்து பார்த்தார். "இல்ல" என்றார். "இல்ல மேடம். இல்லடி ரோசி!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகோ. பத்து நொடி, பதினைந்து நொடி, கை நீட்டியபடியே நின்றது. சந்தோஷத்தில் அவர் அதைக் கவனிக்க மறந்துவிட்டார். சோர்ந்துபோன கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

மாடியில் வஹாபின் வலது கை கம்பியைப் பிடித்தபடியே முன்னால் தள்ளியது. கிரேனில் பாரத்தை இறக்க லீவரைத் தள்ளுகிற தள்ளு. அவன் நினைத்துச் செய்யவில்லை. தள்ளிய பிறகுதான் தன் கையைப் பார்த்தான். அடுத்த நொடி முற்றமே அதிரக் கத்தினான்.

"வெற்றி! வெளிய வாடா! டேய் வெற்றி, வெளிய வந்துடுறா!"

"வெற்றி மஸ்கட்ல கீறான்டா" என்றார் வால்டர். சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வஹாப் பால்கனித் தரையில் உட்கார்ந்துவிட்டான். கம்பிகளுக்கு நடுவே அவன் முகம் தெரிந்தது. "உன் கை எறங்குச்சுண்ணே. நான் எறக்கிட்டேன். அவன் அடில இருந்தான்ணே" என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

வால்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை மாதம் பொய் சொன்ன எனக்கு அப்போது சொல்ல ஒரு பொய்கூட அகப்படவில்லை.

ரேகா ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தாள். மாடிக்கு ஓடி வஹாபுக்குத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தாள். எல்லாம் அடங்கிய பிறகு என்னிடம் வந்தாள்.

"நான் உங்கள கேட்டேனே அக்கா."

"கேட்டா சொல்லிடணுமா?" என்று நான் சீறினேன். "கேட்டவுடனே சொல்ற விஷயமா அது? உனுக்கு இன்னா தெரியும்?"

அவள் திருப்பிச் சண்டை போடவில்லை. "சாரோட பயம் வெறும் அலாரம்னு நினைச்சுதான் வேலை செஞ்சேன். அதுக்குள்ள இப்படி ஒரு நிஜம் இருக்கும்னு எனக்குத் தெரியல. தெரியாமலே அவரை அங்க கொண்டுபோய் நிறுத்திட்டேன்" என்றாள். "இனிமே அவர் என்ன கேட்டாலும் உண்மைய மட்டும் சொல்லுங்க. அது போதும் இப்போதைக்கு."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் வலது கையை மடியில் வைத்து, அது எழுந்துவிடாமல் காப்பவர் போல இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சோறு ஊட்டினால் தின்றார். மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டார்.

"எறங்குச்சா, நானா எறக்கினேனா?"

"எறங்குச்சுய்யா. உனுக்கு அப்போவே வாதம் வந்துடுச்சு. நீ எறக்கல."

"உனுக்கு ஆஸ்பத்திரிலயே தெரியும்?"

"தெரியும்."

"யார்டுல இன்னா எழுதினாங்கோ?"

சொன்னேன். வெற்றி போனை எடுத்துக்கொண்டே பாரத்துக்குக் கீழே போனான் என்று எழுதியதைச் சொன்னேன். வால்டர் தலையைத் தூக்கினார். அவர் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை வாதம் வருவதற்கு முன்னால்கூட நான் பார்த்ததில்லை.

"போனா? எவன் சொன்னான்? பாரம் தூக்கறதுக்கு முன்ன எல்லார் போனையும் நான்தான் வாங்கி டப்பாவுல போட்டு ஷெட்ல வெப்பேன். எங்க கேங்குல அதான் ரூலு. அன்னிக்கும் வாங்கினேன். அவன் போனு டப்பாவுல கீது. அவங்கிட்ட ஏதுடி போனு?"

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சூப்பர்வைசர் சொன்னதில் கை விஷயத்தை மறைத்தது மட்டும்தான் பொய் என்று நினைத்திருந்தேன். செத்தவன் மேல் ஒரு பழியையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள், அதற்கும் சேர்த்துத்தான் நான் தலையாட்டியிருக்கிறேன்.

"வியாசர்பாடி போவணும்" என்றார். வெற்றியின் வீடு அங்கேதான், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி.

"போய் இன்னா சொல்லுவ? போலீசு கீலீசுன்னு பேஜாராயிடும். இந்த ஒடம்ப வெச்சுகினு..."

"நீ கூட்டினு போறியா, நான் தனியா போவட்டா?"

அந்தப் படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடிக் கம்பி வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. இடது பக்கம் வெறும் சுவர். நான் அவர் இடுப்பைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டார். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கம்பி மேல் வைத்தார். விரல்கள் மடங்கிக் கம்பியைப் பற்றின. இழுத்து ஒரு படி ஏறினார். மறுபடி அப்படியே. பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. வலி எவ்வளவு என்று பழக்கதோஷத்தில் கேட்டேன், அவர் அடுத்த படிக்குக் கையை நகர்த்தினார். எந்தப் படியிலும் அவர் பயந்து நிற்கவில்லை. ரேகாவும் நானும் கெஞ்சிக் கேட்டு வராத தைரியம் இப்போது வந்திருந்தது. எனக்குச் சந்தோஷமே இல்லை.

வெற்றியின் மனைவி குணசுந்தரி மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து குளித்திருந்தாள். வால்டரை வாசலில் பார்த்ததும் பதறி ஓடி வந்தாள்.

"ஐயோ, வால்ட்ரண்ணா! இந்தக் காலோட எதுக்குண்ணா ஏறி வந்தீங்கோ?" பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காருவதற்குள் தரையில் அவர் காலருகே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "நானே வந்து பாத்திருக்கணும்ணா. எந்த மூஞ்ச வெச்சுகினு வருவேன்? என்னாலதான எல்லாம்? அடுப்புல கேஸ் தீந்துடுச்சுன்னு சொல்லத்தான் போனு அடிச்சேன். பதினொரு மணிக்கு. வந்தப்பறம் சொல்லியிருக்கலாம்ல? அத்த எடுக்கப் போயி அவரு பூட்டாரு. அத்த பாத்து நீங்களும் இப்டி ஆயிட்டீங்கோ. எதிர் வூட்லதான் எங்க மாமியார் கீறாங்கோ, எம் புள்ளைய போனு போட்டு கொன்னுட்டன்னு இன்னி வரைக்கும் எங்கூட பேசல. அவங்க சொல்றதும் நாயம்தான?"

இந்தப் பெண் நான்கு மாதத்துக்கு மேலாக, கேஸ் சிலிண்டருக்காக அடித்த ஒரு போனைத் தூக்கித் தலையில் சுமந்துகொண்டு தெருவைக் கூட்டியிருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

"அழாதம்மா" என்றார் வால்டர். நாக்கு குழறக் குழற, நிதானமாகச் சொன்னார். "போனு அவங்கிட்ட இல்ல. நான் வாங்கி டப்பாவுல போட்டேன். நீ அடிச்சது அவன் காதுல வுழவே இல்ல. என் கைய பாத்துதான் அவன் உள்ள போனான். என் கைதான் எறங்குச்சு."

குணசுந்தரிக்குப் புரியவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

வால்டர் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினார். இடது கையின் உதவி இல்லாமல், தோளுயரம் வரை. வலியில் அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "இப்டி புடிச்சா நிறுத்துன்னு அர்த்தம். இப்டித்தான் நின்னேன். இது அப்டியே இருந்தா பாரம் வராது." பிறகு கை கீழே வந்தது. "வாதம் அடிச்சுது. இப்டி வுழுந்துச்சு. மேல கீறவன் எறக்குன்னு சொல்றேன்னு நென்ச்சு எறக்கிட்டான். வெற்றி ஒரு தப்பும் பண்லம்மா. நீயும் பண்ல."

குணசுந்தரி எழுந்தாள். எதிர் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டுகிற சத்தம், ஏதோ வாக்குவாதம். தன் வயதான மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். சத்தம் கேட்டு வராந்தாவில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"இன்னொரு தபா காட்டுண்ணா. இவங்களுக்குக் காட்டு. சொல்லிக்கினே காட்டு."

வால்டர் மறுபடி கையைத் தூக்கினார். சொன்னார். கையை விழவிட்டார். அந்த அம்மா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். குணசுந்தரி அவளைப் பார்க்கவில்லை. வராந்தாவில் நின்றவர்களைப் பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியலண்ணா. இன்னொரு தபா."

மறுபடி தூக்கினார். இந்தத் தடவை கை பாதியில் நடுங்கி நின்றது, பல்லைக் கடித்து மேலே கொண்டுபோனார். அந்தக் கை உயர வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. இப்போது, போதும், இறக்குய்யா என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

கை விழுந்த பிறகு குணசுந்தரி முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு எப்போலேர்ந்துக்கா தெரியும்?"

"அன்னிக்கே."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வால்டருக்கு நேர் எதிரே, எனக்காகப் போட்டாள்.

"உக்காரு. நீயும் பாரு" என்றாள். பிறகு அவரிடம் சொன்னாள்: "இன்னொரு தபாண்ணா."

நான் உட்கார்ந்தேன். வால்டர் கையைத் தூக்கினார்.